வெனிஸ் போக எடுத்த லீவு

வெனிஸைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஒரு நாளும் ஆசை இருந்ததில்லை. நான் தீவில் பிறந்தவள். ஆஸ்பத்திரிக்கு வள்ளம், அரசாங்கக் கச்சேரிக்கு வள்ளம், கலியாணச் சேலை எடுக்க வள்ளம் என்று தண்ணீரில் போய்ப் போய் அலுத்தவள். காசு கொடுத்து ரயிலேறி, கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம் செய்து, அங்கே போய் மறுபடியும் வள்ளத்தில் ஏறுவதில் என்ன சுகம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது மூன்று இரவுகள். உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறையில், என் கணவரோடு, தொடர்ந்தாற்போல் மூன்று இரவுகள். கலியாணம் கட்டி ஐந்து வருடமாகியும் அது எங்களுக்குக் கிடைத்திருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இத்தாலியின் தெற்குக் கோடியில் உள்ள பாலெர்மோவில் நாங்கள் இருவருமே வீட்டோடு தங்கி வேலை செய்தோம். நான் எண்பது வயது தாண்டிய ஒரு சின்யோராவிடம், ஓர் இத்தாலிய அம்மாவிடம், நாலாம் மாடியில். கணவர் நகரத்தின் மறுகோடியில், படுக்கையில் விழுந்துவிட்ட ஒரு கிழவரிடம். வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு. வீட்டோடு நிற்கிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒன்பது பேர் சேர்ந்து இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். வீடு என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது எங்கள் சூட்கேஸ்கள் குடியிருந்த இடம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் வந்து நிறைந்துவிடுவோம். எங்கள் இருவருக்கென்று குசினிப் பக்கத்தில் ஒரு திரைச்சீலை கட்டித் தந்திருந்தார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் இருந்து சீட்டாடும்போது புருசனும் பெண்சாதியும் என்ன கதைக்க முடியும்? அரிசி முடிந்துவிட்டது என்று கதைக்கலாம்.

களைப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காலை ஐந்தரைக்கு எழும்புவேன். அந்த நகரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். வருகிற நேரத்தில் வாளி, பானை, குளியல் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைக்க வேண்டும். பிறகு சின்யோராவின் கோப்பி, மருந்து, அவரைக் குளிக்க வார்ப்பது, பளிங்குத் தரையைத் துடைப்பது, உடுப்புக்கு இஸ்திரி போடுவது. இரவில் இரண்டு தரம் கட்டிலடியில் இருக்கும் சின்ன மணியை அடிப்பார். பாவம், அடிக்காமல் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் அந்த மணி என் எலும்புக்குள் போய்விட்டது. வியாழக்கிழமை பின்னேரம் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள வாங்கில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் செருகிவிடும். அவருக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொள்வோம். விழித்துப் பார்த்தால் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். அவரவர் முதலாளி வீட்டுக்கு அவரவர் போவோம்.

புருசனோடு இருந்து நித்திரை கொள்ள வேண்டும் என்று எந்தச் சின்யோராவிடம் லீவு கேட்பது? எனக்கு நாக்கு எழாது. எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிற ஊரில் அறை எடுத்துத் தங்கினால் எங்கள் ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்பதை நினைக்கவும் கூசியது. ஊர் பார்க்கப் போகிறோம் என்றால் அது வேறு. இத்தாலியருக்கு அது விளங்கும். எங்கள் ஆட்களுக்கும் கொஞ்சம் மதிப்பாக இருக்கும். ஒரு நாள் சின்யோராவின் புத்தக அலுமாரியைத் தூசு தட்டும்போது ஒரு பழைய பயணக் கையேடு கையில் அகப்பட்டது. அது வெனிஸைப் பற்றியது. பிளோரன்ஸ் அகப்பட்டிருந்தால் பிளோரன்ஸ்தான். எனக்கும் வெனிஸுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

சின்யோராவிடம் கேட்டபோது நான் எதிர்பார்க்காத சந்தோசம் அவருக்கு. அவர் புதுப்பெண்ணாக அங்கே போனவர். பிறகு ஒருமுறையும் போகக் கிடைக்கவில்லையாம். திங்கட்கிழமை பின்னேரம் புறப்பட்டு சனிக்கிழமை காலை திரும்பி வர லீவு தந்தார். அந்த நாட்களில் கத்தானியாவில் இருக்கும் மருமகளை வரச் சொல்வதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அவர் சாய்மனைக் கதிரையில் இருக்க, நான் தரையில் இருந்து, கையேட்டை விரித்து வைத்துத் திட்டம் போட்டோம். மடிப்புகளில் கிழிந்திருந்த அதன் வரைபடத்தின் மேல், கேக் தட்டுக்குப் போடும் எண்ணெய்த்தாளை வைத்துப் பென்சிலால் படியெடுத்தேன். ரயில் நிலையத்துக்கு வெளியே வந்ததும் படிகள் இருக்கும், படிகளுக்குக் கீழே தண்ணீர் இருக்கும், அங்கே ஒன்றாம் இலக்கப் படகில் ஏற வேண்டும், பெரிய கால்வாய் முழுக்க அது ஊர்ந்து ஊர்ந்து போகும் என்று சின்யோரா சொல்லித் தந்தார். ரியால்தோப் பாலத்தைக் காலையிலேயே பார்க்க வேண்டும், பிறகு சனம் கூடிவிடும். சான் மார்க்கோ சதுக்கத்தில் கோப்பி குடிக்க உட்காரவே கூடாது, நின்றபடிதான் குடிக்க வேண்டும். எதை எந்த நாளில் பார்ப்பது, எங்கே மதியம் சாப்பிடுவது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அதுவரை என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டமெல்லாம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோரான குவெஸ்துராவில் எத்தனை மணிக்குப் போய் வரிசையில் நிற்பது என்பதைப் பற்றித்தான் இருந்திருக்கிறது. வெனிஸில் அக்கறை இல்லாத எனக்கே அந்தக் கொப்பியைத் திறக்கும்போது மனம் கொஞ்சம் லேசாகும்.

தங்குமிடத்தையும் சின்யோராவே தொலைபேசியில் ஒழுங்கு செய்தார். கால்வாய்க்கரையில் ஒரு சின்னப் பென்சியோனே. படுக்கவும் காலையில் கோப்பி குடிக்கவும் வசதி. இரண்டு கட்டிலா, பெரிய கட்டில் ஒன்றா என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். சின்யோரா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெரிய கட்டில்தான், இதையெல்லாம் கேட்பார்களா என்று அவர் தொலைபேசிக்குள் அதட்டினார். தொடர்புக்குத் தன் வீட்டு இலக்கத்தையே கொடுத்தார். கணவருக்கும் கிழவரின் வீட்டார் அதே நாட்களுக்கு லீவு தந்திருந்தார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெரியத்தானுக்குத் தெரியவரும் வரைக்கும்.

பெரியத்தான் என் கணவரின் பெரியப்பா மகன். கணவரை இத்தாலிக்குக் கூப்பிட்டவர், வேலை எடுத்துக் கொடுத்தவர், முதல் ஆறு மாதம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். நகரத்தின் ஓரத்தில், பிரான்காச்சோவில் அடுக்குமாடி வீடொன்றில் குடும்பத்தோடு இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அங்கே போய்ச் சாப்பிட்டு வருவோம். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்டவர் என்றால் ஒரு சொல்லில் மறுத்துவிடலாம்.

அந்த ஞாயிறு சோற்றுக் கோப்பையோடு இருக்கும்போது என் கணவர் வாயை விட்டுவிட்டார். பெரியத்தானின் முகம் மலர்ந்துவிட்டது. வெனிஸுக்கு வெளியே கரையில் மெஸ்த்ரே என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே அவருடைய மனைவியின் தம்பி இருக்கிறார், வெனிஸில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி முடிப்பதற்குள் பெரியத்தான் அவருக்குத் தொலைபேசி எடுத்துப் பேசி முடித்துவிட்டார். அங்கே இரண்டு அறையில் ஆறு ஆண்கள் இருக்கிறார்கள், கணவர் அவர்களோடு படுக்கலாம். இரண்டு வீடு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது, நான் அந்தப் பெண்ணோடும் பிள்ளைகளோடும் படுக்கலாம்.

அறை பதிவு செய்தாயிற்று என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பிள்ளை, அதை விட்டுப்போடும்," என்றார் பெரியத்தான். "என்ரை மச்சான் அங்கை இருக்கேக்கை நீங்கள் போய்க் காசுக்கு அறை எடுத்தா, நான் அவன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர், "ஓம் அண்ணை," என்றார்.

புறப்படும்போது மச்சானுக்குக் கொடுக்கச் சொல்லி வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் மூன்று கிலோவும் பெரியத்தான் எங்கள் தலையில் கட்டிவிட்டார். யாராவது ஒரு பக்கம் போகிறார்கள் என்றால் அவர்கள் கையில் எதையாவது கொடுத்துவிடாமல் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறாது. அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தென்பு வேண்டும்.

ஆனால் அடுத்த வியாழக்கிழமை வாங்கில் உட்கார்ந்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. மெஸ்த்ரேயில் இருந்து வெனிஸுக்கு எத்தனை நிமிசம் என்று கணவர் ஏதோ சமாதானமாகச் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு வெனிஸும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம். உங்களோடை மூண்டு இரவு ஒரு அறைக்குள்ளை இருக்கத்தான் இவ்வளவும் செய்தனான். அதையும் ஓம் அண்ணை எண்டு குடுத்திட்டு வந்து நிக்கிறியள்."

ஐந்து வருடத்தில் அவரிடம் நான் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் ரயில் நிலைய மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமானதும் எழும்பிப் போய்விட்டார். அந்த ஒரு கிழமையும் நான் சின்யோராவுக்கு முன்னால் கொப்பியைத் திறந்து வைத்து, போகப் பிடிக்காத ஒரு பயணத்துக்கு மிச்சத் திட்டத்தைப் போட்டேன்.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவர் எனக்கு முன்னமே வந்து வாங்கில் இருந்தார்.

"இஞ்சாரும், லீவு கிடைக்கேல்லை, போகேல்லை எண்டு அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டன்," என்றார்.

"லீவு தந்தவையெல்லே. பொய்யோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

அந்த மனிதர் பெரியத்தானிடம் பொய் சொல்வார் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அப்போ பென்சியோனேயில் போய்த் தங்கலாமே என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். மச்சான் வேலை செய்கிற ஊர் அது. கோடைகாலம், எந்தப் பாலத்தில், எந்தப் படகில் எந்தத் தமிழர் நிற்பார் என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் படகால் இறங்கும் முன்னரே பெரியத்தான் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். அவர் அதை எல்லாம் யோசித்து வைத்திருந்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பழைய கட்டடத்தைக் கையால் காட்டினார். மூன்றாம் மாடியில் ஒரு பென்சியோனேயின் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சையே இருப்பம்," என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் ஆட்கள் எல்லோரும் வீடுகளுக்குள் பூட்டுப்பட்டுக் கிடப்பார்கள். வியாழன் பின்னேரம் மட்டும் கவனமாக இருந்தால் போதும். முதலாளிகளுக்கு நாங்கள் வெனிஸில். தமிழருக்கு நாங்கள் முதலாளி வீட்டில். எங்களைத் தேட ஒருவரும் இல்லாத ஐந்து நாள். ரயிலில் கழிய வேண்டிய இரண்டு இரவுகளும் சேர்ந்து, மூன்று இரவு ஐந்து இரவாகியிருந்தது.

அறை சின்னது. கட்டில் பெரியது. கதவில் சாவி இருந்தது. முதல் வேலையாக நான் அதைப் பூட்டினேன், பிறகு திறந்து பார்த்து மறுபடியும் பூட்டினேன். மிளகாய்த்தூளை, அடுத்ததாக வெனிஸ் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்துவிடும்வரை வைத்திருக்கும்படி பெரியத்தான் சொல்லியிருந்தார். சந்து வீட்டில் விட்டு வந்தால் மற்றவர்கள் எடுத்துச் சமைத்துவிடுவார்கள் என்று அதையும் சூட்கேஸில் கொண்டு வந்திருந்தோம். ஐந்து நாளும் அது எங்களோடு மூன்றாம் ஆளாக இருந்தது. அறை முழுக்கப் பிரான்காச்சோக் குசினி மணத்தது.

நாங்கள் நித்திரை கொண்டோம். வேறென்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் விடியற்காலை மணிச்சத்தம் கேட்டு எழும்ப முயன்றேன், மணியே இல்லை. என் தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் இருந்தன. கணவர் கண்ணை மூடியபடி என்னை மெதுவாக ஒரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிற கிழவரின் முதுகில் புண் வராமலிருக்க அப்படித்தான் புரட்ட வேண்டுமாம், ஒவ்வொரு இரவும், குறித்த நேரத்தில். நித்திரையிலும் அவருக்கு அந்த நேரம் தெரிந்திருந்தது. நான் அவரை எழுப்பவில்லை. கனத்தை விட்டுக்கொடுத்து அவர் புரட்டிய பக்கம் திரும்பிப் படுத்தேன். ஐந்து வருடமாக என் புருசன் செய்த வேலை என்னவென்று அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அவர் சுவர்ப் பக்கம்தான் படுப்பார் என்பதும், கோப்பிக்கு மூன்று கரண்டி சீனி போடுவார் என்பதும் அந்த ஐந்து நாளில் தெரியவந்தது. நான் குறட்டை விடுவேன் என்பது அவருக்குத் தெரியவந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் யன்னலின் மரச் சட்டக் கதவைச் சாத்திவிட்டு அதன் இடுக்கால் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வாங்கில் வேறு யாரோ இருந்தார்கள். பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸின் தரிப்பில் பெரியத்தான் நின்றார். இரண்டு கையிலும் சாமான் பைகள். பைகளைக் கீழே வைத்து, கழுத்து வியர்வையைத் துடைத்து, மறுபடியும் தூக்கிக்கொண்டார். மேலே இருந்து பார்க்கும்போது அவருடைய தலைமயிர் நன்றாகக் கொட்டியிருந்தது தெரிந்தது. என் கணவர் ஒரு தரம் கதவுவரைக்கும் போய்ச் சாவியில் கை வைத்தார். போய்ப் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் தடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன். பஸ் வந்து பெரியத்தானை ஏற்றிக்கொண்டு போனது. கணவர் திரும்பி வந்து கட்டிலில் இருந்தார்.

சனிக்கிழமை காலை ரயில் நிலையத்துக்குப் போய், வெனிஸ் ரயில் வரும்வரை காத்திருந்து, இறங்கிய சனத்தோடு சனமாக வெளியே வந்தோம். ஒரு நாள் பயணத்தில் எல்லோர் முகமும் வாடிக் கிடந்தது. எங்கள் இரண்டு பேர் முகம் மட்டும் ஊதித் தெளிந்திருந்தது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மருமகள் மதியமே கத்தானியாவுக்குப் போய்விட்டார். சின்யோரா சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, சொல் என்றார். நான் சொன்னேன். எனக்குத்தான் எல்லாம் பாடமாக இருந்ததே. படிகள், தண்ணீர், ஒன்றாம் இலக்கப் படகு, காலையில் ரியால்தோ, நின்றபடி குடித்த கோப்பி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அறையின் கூரையில் தண்ணீரின் வெளிச்சம் அசைந்ததா என்றார். ஓம், அசைந்தது என்றேன். அவர் சிரித்தார். இவரைப் போய் ஏமாற்றுகிறேனே என்று எனக்கு மனம் குத்தியது. ஆனாலும் கொப்பியில் எழுதியிருந்த கடைசி நாள் வரை சொல்லி முடித்தேன்.

இருட்டும் நேரம் யன்னல் கதவுகளைச் சாத்த எழும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டது.

"செவ்வாய் இரவு அந்தப் பென்சியோனேக்காரி தொலைபேசி எடுத்தாள். நீங்கள் வந்து சேரவில்லையாம்."

என் கை யன்னலிலேயே நின்றுவிட்டது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். வருகிற மாரியில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும் என்று நினைத்தேன். பொய்க்காரி என்று சொல்லப்போகிறார், சொல்லட்டும் என்று நினைத்தேன்.

"அவர்களுக்கு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன்," என்றார். "மருமகளுக்கு ஒன்றும் தெரியாது." பிறகு கேட்டார்: "நன்றாக நித்திரை கொண்டாயா?"

எனக்கு இத்தாலியச் சொல் ஒன்றும் வரவில்லை. ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கியது.

அன்றிரவு மணி அடிக்கவில்லை. பழக்கத்தில் நான் வழமையான நேரங்களில் இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்தேன். இரண்டு தரமும் சின்யோரா கண்ணை விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.